மாப்பிள்ளை காரில் பன்னிரண்டு வோல்ட் திருட்டு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தை இடது முழங்கால் நீங்கலாகச் சௌக்கியம். உங்கள் கார் சௌக்கியமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தி குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்காமல் என்ன, வண்டிதான் எங்களிடம் இருக்கிறதே.

ஃபோனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் சொன்னால் நீங்கள் "சரி மாமா, சரி மாமா" என்று எட்டு தடவை சொல்லிவிட்டு மகளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவள் "அப்பா, டென்ஷன் ஆகாதீங்க" என்கிறாள். நான் டென்ஷன் ஆகவில்லை. மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் இருந்தவன் நான். எழுத்தில் வராத புகார் புகாரே இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதை முறையான புகாராக எடுத்துக்கொள்ளவும். காரை விற்பதற்கான படிவத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு உடனே திருப்பி அனுப்பவும். பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் இருபதாம் தேதி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். குறைகளை ஒன்று விடாமல் சொன்னேன். அப்படியும் வேண்டும் என்கிறார். அவர் தலையெழுத்து, நாம் என்ன செய்ய முடியும்.

இனி விவரம். நான்கு மாதத்துக்கு முன்னால் நீங்கள் வேலை மாறி ஊர் மாறிப் போகிற அன்று, சாவியை என் கையில் கொடுத்து, "காரைப் பத்திக் கவலையே படாதீங்க மாமா, அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்றீர்கள். நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அது எதையுமே பார்த்துக்கொள்ளவில்லை. அதைத்தான் நான் நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் இரண்டு பேட்டரி இருக்கிறது, பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரியது வண்டியை ஓட்டும், டிக்கியில் இருக்கும் சின்னது விளக்கு, பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுப்பிவிடும், பெரியது சின்னதற்கு அவ்வப்போது கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று விளக்கினீர்கள். ஏதோ கூட்டுக்குடும்பம் மாதிரி இருக்கிறதே என்று நானும் சந்தோஷப்பட்டேன். மகள் தன் கையால் ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். காற்றில் பறந்துவிடக்கூடாது என்று நான்தான் அதன் மேல் அந்தத் தக்காளிக் காந்தத்தை அழுத்தி வைத்தேன். "வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வண்டியை ஆனில் வைக்கவும், இல்லாவிட்டால் சின்ன பேட்டரி இறங்கிவிடும்" என்று அதில் இருக்கிறது. வாரம் ஒருமுறை என்று சொன்னதை நான் தினமும் செய்தேன். அரை மணி என்று சொன்னதை ஒரு மணியாக்கினேன். பொறுப்பு என்று ஒன்றை என்னிடம் ஒப்படைத்தால் நான் எப்படிச் செய்வேன் என்பது ஊருக்கே தெரியும்.

தினமும் மாலை ஆறு மணிக்குப் போவேன். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சீட்டில் உட்காருவேன். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ரேடியோ பாடும். இரண்டாவது முறை அழுத்தினால் காற்றாடி ஓடும், முன்னால் இருக்கும் அத்தனை விளக்கும் எரியும். என்ஜின் சத்தம் துளிகூட இருக்காது. ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாமல் எவ்வளவு நாசூக்காக சார்ஜ் ஏறுகிறது என்று நானே வியந்திருக்கிறேன். இருபது நிமிடம் ஆனால் வண்டி தானாகவே எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும். வேலை நேரத்தில் தூங்குகிற ஆட்களை நான் அலுவலகத்திலேயே விட்டதில்லை, இதையா விடுவேன்? மறுபடி இரண்டு அழுத்து அழுத்துவேன். திரையில் மஞ்சள் எழுத்தில் ஏதோ வரும். என் மூக்குக்கண்ணாடி வீட்டுக்குள் இருக்கும். "சரி" என்று எழுதிய கட்டம் மட்டும் பெரிதாகத் தெரியும், அதைத் தொட்டுவிடுவேன். ஏழு மணிக்கு இறங்கிப் பூட்டிவிட்டு வருவேன். நான்கு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சல் வந்த அன்றுகூட மஃப்ளர் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இப்படிப் பார்த்துக்கொண்ட வண்டி எனக்கு என்ன கைம்மாறு செய்தது என்று இனிமேல் கேளுங்கள்.

அத்தைக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று முழங்காலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும், விட்டால் முட்டி இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பது உங்களுக்குத் தெரியும். பஸ் படி அவளால் ஏற முடியாது. வாடகைக் காரில் குனிந்து ஏறினால் முட்டியை மடக்க வேண்டும். உங்கள் காரின் சீட்தான் அவளுக்குச் சரியான உயரம் என்றுதான் அதை எங்களிடம் விட்டுப்போனீர்கள். அந்த நல்ல மனசை நான் மறக்கவில்லை. மனசு வேறு, வண்டி வேறு. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் தலையில் ரப்பர் தொப்பியோடு, மடியில் துண்டோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினேன். எங்கேயோ டக் டக் டக் என்று பல்லி கத்தியது போல ஒரு சத்தம். முன்னால் இருக்கும் விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் கண்ணடித்தன. எண்ணினேன், பதினேழு. பிரேக் விளக்கு, டயர் விளக்கு, காற்றுப்பை விளக்கு, எனக்குப் பெயர் தெரியாத ஆமை உருவம் போட்ட ஒரு விளக்கு. 'ஹைப்ரிட் அமைப்பைச் சரிபார்க்கவும்' என்று ஒரு வரி வந்தது. அப்புறம் மொத்தமும் இருட்டு.

"என்னங்க, கண்ணாடி இறங்க மாட்டேங்குது."

"இறங்காது."

"கதவு?"

"கதவு திறக்கும்."

"அப்ப நான் இறங்கிக்கட்டுமா?"

"இரு, ரெண்டே நிமிஷம்" என்றேன். அந்த இரண்டு நிமிடம் பதினொன்றே கால் வரை நீண்டது. அறுநூறு பக்கப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சின்ன பேட்டரி டிக்கிக்குள் பலகைக்கு அடியில் இருக்கிறது. டிக்கி எப்படித் திறக்கும்? பொத்தானால். பொத்தான் எதனால் வேலை செய்யும்? சின்ன பேட்டரியால். மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிற ஆளை நம் வீட்டில் என்னவென்று திட்டுவோம்? அந்த ஆளை இவர்கள் டிசைன் இன்ஜினியர் என்கிறார்கள்! வேறு வழியில்லாமல் பின்சீட்டைச் சாய்த்து, அந்த இடுக்கு வழியாகத் தலையை விட்டு டிக்கிக்குள் நுழைந்தேன். அறுபத்தாறு வயதில் தலை உள்ளே, இடுப்பு இடுக்கில், கால் முன்சீட்டில். "உதைக்காதீங்க, என் கண்ணாடி விழுந்துடுச்சு" என்கிறாள் உங்கள் அத்தை. நான் வேண்டுமென்றா உதைக்கிறேன்? உள்ளே எங்கே கை வைத்தாலும் குட்டியின் பிஸ்கட் தூள். சீட்டு மடிப்பில் பாதி சிவப்புக் கிரேயான். அடியில் அவளுடைய ஒற்றை சாக்ஸ். பொறுப்பான ஆட்கள் இதையெல்லாம் சுத்தம் செய்துவிட்டுத்தானே வண்டியை ஒப்படைப்பார்கள் என்று எனக்குக் கோபமாக வந்தது. அதையும் இந்தப் புகாரில் சேர்த்துக்கொள்ளவும்.

தெருமுனை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். என் பழைய வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டியவர். பானெட்டைத் திறந்தார், திறந்த வேகத்தில் மூன்றடி பின்னால் போனார்.

"சார், ஆரஞ்சு வயர் தெரியுது."

"தெரிஞ்சா என்ன?"

"ஆரஞ்சு வயர் இருக்கற வண்டில நான் கை வைக்கறதில்ல சார். எனக்கு ரெண்டு பொண்ணு."

"யோவ், நான் மின்கம்பத்துல ஏறினவன்யா" என்றேன்.

"கம்பத்துல ஃபியூஸ புடுங்கிட்டுத்தான சார் ஏறுவீங்க? இதுல எதப் புடுங்கறது?" என்றார். கேள்வி சரியான கேள்வி. சரி என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியில் அவர் தன் வேனைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கை எவ்வளவு நீளுமோ அவ்வளவு நீட்டி, இரண்டு கம்பியை மாட்டினார். வண்டி எதுவும் நடக்காதது போல உயிர் பெற்றது. "பேட்டரி செத்துடுச்சு சார், புதுசு போட்டுருங்க" என்றார். அன்றைக்கே புதுசு போட்டேன். ஆறாவது நாள் காலை, அத்தை தொப்பி போட்டு உட்கார்ந்ததும், அதே பல்லி, அதே பதினேழு விளக்கு. புது பேட்டரி, மாப்பிள்ளை! பிளாஸ்டிக் உறைகூட முழுசாகக் கிழிக்கவில்லை!

அதற்குப் பிறகுதான் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கயிறு கட்டாத குறையாக வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. குட்டிக் கம்ப்யூட்டரோடு ஒரு பெண் வந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும், சர்வீஸ் அட்வைசராம். ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பெட்டியைச் செருகினாள். "இருபத்துமூணு ஃபால்ட் கோட் காட்டுது சார்" என்றாள். இருபத்துமூன்றா என்று இரண்டு தடவை கேட்டேன். "ஆனா இருபத்துமூணும் ஒரே காரணம்தான் சார். சின்ன பேட்டரில வோல்டேஜ் கம்மி. அதனால ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனித்தனியா புகார் சொல்லுது" என்றாள். பெரிய பேட்டரியை ஒவ்வொரு செல்லாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப ஆரோக்கியமா இருக்கு சார், இருநூறு வோல்ட்டுக்கு மேல இருக்கு" என்றாள். இருநூறு வோல்ட்டை வயிற்றில் வைத்துக்கொண்டு பெரியது உட்கார்ந்திருக்கிறது, பன்னிரண்டு வோல்ட் இல்லாமல் சின்னது பட்டினி கிடக்கிறது, அவ்வளவு இருந்தும் வண்டி நகரவில்லை என்றால் என்ன அர்த்தம்? எங்கள் அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். கடைநிலை ஊழியர் வந்து அறையைத் திறந்துவிட்டால்தான் உள்ளே போய்க் கையெழுத்தே போடுவார், அதுவரை வராந்தாவில் நிற்பார். அதே கதை.

அதோடு விட்டாளா? "பிரேக்க மிதிச்சுட்டுத்தான சார் ஆன் பண்றீங்க?" என்றாள். மாப்பிள்ளை, நாற்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். நான் ஓட்ட ஆரம்பித்தபோது இந்தப் பெண்ணின் அப்பா சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்திருப்பார். என்னைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? "ஓட்டும்போது கண்டிப்பா மிதிப்பேன்மா" என்று மட்டும் சொன்னேன். அடக்கிக்கொண்டேன். அவள் ஏதோ தட்டச்சு செய்து ஒரு தாளை நீட்டினாள். 'வண்டியில் குறை எதுவும் இல்லை. பயன்படுத்தும் முறை குறித்து வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது. வாடிக்கையாளர் கையொப்பம்.' இது யார் பாஷை தெரியுமா? எங்கள் பாஷை! ஃபேன் ஓடவில்லை, உடனே வாருங்கள் என்று கத்துவார்கள். போய்ப் பார்த்தால் சுவிட்சு போட்டிருக்காது. புகார்ப் பதிவேட்டில் சிவப்பு மையால் 'காரணம்: நுகர்வோர் தவறு' என்று எழுதி, அவர்களையே கையெழுத்துப் போடச் சொல்வேன். கையெழுத்து வாங்காமல் எந்தப் புகாரையும் நான் முடித்ததில்லை. டாக்டர், வக்கீல், ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, எல்லாரும் தலையைக் குனிந்து எனக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பவுடர் பூசி என்னிடமே நீட்டுகிறாள்! போடமாட்டேன் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "உள்ளே இலவசமா சுத்தம் பண்ணித் தரோம் சார், பின்சீட்டெல்லாம் ஒரே பிஸ்கட்டா இருக்கு" என்றாள். "பின்சீட்ல யாரும் கை வைக்கக்கூடாது" என்று கத்திவிட்டேன். சோபாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வந்துவிட்டேன்.

பிறகு நானே இறங்கினேன். ஓய்வுபெறும்போது சக ஊழியர்கள் பரிசாகக் கொடுத்த மீட்டர் இருக்கிறதே, அதை எடுத்தேன். பூட்டி நிறுத்திய வண்டியில் எங்கேயாவது மின்சாரம் கசிகிறதா என்று பார்ப்பதுதான் முறை. பேட்டரிக் கம்பியைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினேன். கதவு திறந்திருந்தால் வண்டி விழித்துக்கொள்ளும் என்று, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் தட்டி, மூடிவிட்டதாக அதை நம்பவைத்தேன். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. கசிவு ஒன்றுமே இல்லை, ஒரு கடிகாரம் ஓடுகிற அளவுக்கு ஏதோ துளி. ஆறு மணிக்கு எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டேன், ஏனென்றால் அது சார்ஜ் ஏற்றுகிற நேரம். சார்ஜ் ஏறும்போது கசிவைப் பார்க்கக்கூடாது என்பது பாலபாடம். ஆக, நான் பார்க்கும்போது கசியவில்லை, ஆனால் காலையில் பேட்டரி காலி. அப்படியென்றால் என்ன? திருட்டு.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் உங்களுக்குத் தெரியும். அவரிடம் மின்சார ஸ்கூட்டர் இருக்கிறது. நம் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் அதை நிறுத்துகிறார். அவர் ஸ்கூட்டரில் எப்போதும் முழு சார்ஜ், என் காரில் எப்போதும் சைபர். இது தற்செயலா? தினமும் ஏழு மணிக்குப் பூட்டியதும் காரின் கதவுக்குக் கதவு தையல் நூல் கட்டி வைத்தேன். சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். ஐந்து நாளும் காலையில் பார்த்தால் நூல் அறுபடவில்லை. தொடாமலே எடுக்கிறார் என்றால் ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று பாருங்கள். ஆறாவது நாள் பொறுக்க முடியாமல் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டேவிட்டேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "சார், கார்லேர்ந்து ஸ்கூட்டருக்குத் தொடாம கரண்ட் எடுக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் இன்னும் பல்லு புடுங்கிட்டு இருக்கேன்?" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் சொன்ன தொனி நியாயமாக இல்லை. நான் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, இப்போது பேச்சுவார்த்தை இல்லை. இதில் ஒரு சிக்கல். என் கடைவாய்ப் பல்லுக்கு அவர்தான் வேர்ச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். பாதி வேலை முடிந்து பஞ்சு வைத்து அடைத்த நிலையில் நிற்கிறது. மூன்று வாரமாக நான் இடது பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறேன். இதுவும் உங்கள் காரால்தான்.

சாவி வண்டிக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டி தூங்காது என்று யாரோ சொன்னார்கள் என்று சாவியைத் தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைப் பீரோ மேலே வைத்தேன். புதன்கிழமை காலை எந்த டப்பா என்பது மறந்துவிட்டது. வீட்டில் மொத்தம் பதினொரு டப்பா. பத்தாவது டப்பாவில் சாவி கிடைத்தபோது வகுப்பு முடிந்துவிட்டது. கிடைத்து மட்டும் என்ன, வண்டி ஏற்கெனவே செத்துத்தான் இருந்தது. இப்படியே ஒரு மாதத்தில் அத்தை எட்டு வகுப்பு தவறவிட்டுவிட்டாள். பயிற்சி கொடுக்கிறவர் ஃபோன் செய்து, "அம்மா, முட்டி எவ்வளவு மடங்குது, அளந்து சொல்லுங்க" என்றார். அளந்தோம். போன மாதம் மடங்கிய அளவுக்கு இப்போது மடங்கவில்லை. அவள் தொப்பியைக் கொடியில் மாட்டிவிட்டாள். அந்த ரப்பர் தொப்பி காய்ந்தபடி தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உங்கள் மேல், கார் மேல், கம்பெனி மேல், அந்த ஆமை விளக்கின் மேல் வருகிற கோபத்தை எழுத்தில் எழுத முடியாது. திட்டியாவது இருக்கலாம் அவள். முப்பத்தொன்பது வருடமாக என்னைத் திட்டத் தெரிந்தவள் இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

எனவே முடிவாகச் சொல்கிறேன். இந்த வண்டியை நம்பி இனி ஒரு நாளும் அவளை ஏற்றமாட்டேன். இதை விற்றே ஆக வேண்டும். சாதாரணமாக, ஒரே ஒரு பேட்டரியோடு, சாவியைத் திருகினால் உறுமுகிற ஒரு பழைய காரை, சீட்டு உயரமானதாகப் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். படிவத்தில் கையெழுத்துப் போட மறக்க வேண்டாம், மூன்று இடம்.

மற்றபடி உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மேலே எழுதியது மட்டும்தான். மகளைக் கேட்டதாகச் சொல்லவும். குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், வயரில்லாத வாகனங்களில், நீண்ட நாள் நலமாகப் பயணம் செய்ய வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள, ஆனால் பொறுமையிழந்த,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை நாலு மணிக்கு எழுதி முடித்துக் கவரில் போட்டு ஒட்டியும் விட்டேன். இப்போது மணி ஏழே கால். கவரைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விற்கப் போகிற வண்டியானாலும் கொடுத்த வாக்கு வாக்குதானே என்று ஆறு மணிக்கு வழக்கம்போல் போனேன். புகாரோடு ஆதாரமாக ஒரு கணக்கு இணைக்கலாமே என்று மீட்டரின் கம்பியை நீளமாக்கி, பேட்டரியில் மாட்டி, முன்சீட்டு வரை இழுத்து வைத்துக்கொண்டேன். பொத்தானை இரண்டு முறை அழுத்தினேன். மீட்டர் பன்னிரண்டு புள்ளி இரண்டு காட்டியது. அப்போது பார்த்தால் அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருகிறாள். "இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கப்போகுது, நானும் ஒருதடவை உக்காந்துக்கறேன்" என்று பக்கத்தில் ஏறிக்கொண்டாள். இத்தனை நாளில் இந்த நேரத்துக்கு அவள் வந்ததே இல்லை. ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் பன்னிரண்டுக்கு இறங்கியது, அப்புறம் பதினொன்று புள்ளி ஒன்பது. பார், கண்ணெதிரே திருடு போகிறது பார் என்று அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பச்சை எழுத்து எங்கங்க?" என்றாள்.

"எந்தப் பச்சை எழுத்து?"

"கிளாஸுக்குப் போறப்ப இங்க பச்சையா எரியுமே. இப்ப இல்லையே."

"அது ஓட்டறப்பதான் வரும். பிரேக்க மிதிச்சுட்டு அழுத்தினா வரும்."

"அப்ப மிதிங்களேன்."

"நிக்கற வண்டிக்கு எதுக்குடி பிரேக்கு?"

"எனக்காக மிதிங்க."

மிதித்தேன். அழுத்தினேன். பச்சை எழுத்து வந்தது. பின்சீட்டுக்கு அடியிலிருந்து சன்னமாக ஒரு ஓசை. மீட்டரைப் பார்த்தேன். பதினான்கு புள்ளி இரண்டு.

மாப்பிள்ளை, முப்பத்துநான்கு வருடம் மின்சாரத்தோடு வாழ்ந்தவனுக்கு இந்த எண்ணுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பச்சை எழுத்து வந்தால்தான் பெரியது சின்னதற்குக் கொடுக்கிறது. வராவிட்டால் சின்னது தன் கையிலிருப்பதையே எடுத்து ரேடியோ பாடி, காற்றாடி ஓட்டி, பதினேழு விளக்கை எரிக்கிறது. அதைத்தான் நான் நான்கு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம், காய்ச்சலோடுகூட, செய்து வந்திருக்கிறேன். இருபது நிமிடத்தில் வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்தபோதெல்லாம் எழுப்பி எழுப்பி. போய் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து, வண்டியை அணைத்து, பிரேக் இல்லாமல் பழையபடி இரண்டு அழுத்து அழுத்தி, அந்த மஞ்சள் எழுத்தைப் படித்தேன். 'பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கிறது' என்று தினமும் எனக்குச் சொல்லியிருக்கிறது. நான் தினமும் "சரி" என்றிருக்கிறேன். பிறகு ஃபிரிட்ஜுக்குப் போனேன். தக்காளியை நகர்த்தினேன். அதற்கு அடியில் மகள் கையெழுத்தில் முதல் வரி இருந்தது: "அப்பா, பிரேக்கை மிதித்துப் பச்சை எழுத்து வந்த பிறகு."

அத்தை சிரித்த சிரிப்பில் முட்டியைப் பிடித்துக்கொண்டாள். நாலு வாரம் கழித்து அவள் சிரித்துப் பார்க்கிறேன், ஆகவே தடுக்கவில்லை. "பல் டாக்டர்கிட்ட இப்பவே போங்க" என்றாள். காலையில் போகிறேன். என்ன சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. வாயைத் திறந்து காட்டினால் மீதியை அவரே புரிந்துகொள்வார் என்று நினைக்கிறேன்.

வாரம் ஒருமுறை என்று சொன்னதைத் தினமும் ஏன் செய்தேன் என்று அவள் கேட்டாள். பொறுப்பு என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. நீங்கள் போன பிறகு ஆறு மணிக்கு வீட்டில் சத்தமே இல்லை. குட்டி விளையாடிவிட்டு உள்ளே வருகிற நேரம் அது. அந்தக் காரில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து பிஸ்கட் வாசனை வருகிறது. அவ்வளவுதான். இதை மகளிடம் படித்துக் காட்ட வேண்டாம், உடனே கிளம்பி வந்துவிடுவாள்.

படிவத்தைக் கவரிலிருந்து எடுத்துவிட்டேன், தேட வேண்டாம். வாங்க வருகிறவரிடம் வண்டி சரியாகிவிட்டது என்று ஃபோன் செய்தேன். அவருக்குத்தான் ஏமாற்றம். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அத்தைக்கு வகுப்பு, தொப்பியைக் கொடியிலிருந்து எடுத்து அவளே பையில் வைத்துவிட்டாள். இனிமேல் வாரம் ஒருமுறை, அரை மணி, பச்சை எழுத்தோடு. மற்ற நாட்களில் சும்மா உட்காருவேன், எதையும் அழுத்தாமல்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் பதிவான புகாரைக் கிழித்த பழக்கம் எனக்கு இல்லை. முறைப்படி முடித்து அனுப்புகிறேன். வீட்டில் சிவப்பு மை இல்லாததால் குட்டியின் கிரேயானால் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

புகார் முடிக்கப்பட்டது.
காரணம்: நுகர்வோர் தவறு.
நுகர்வோர் கையொப்பம்: உங்கள் மாமா.